வடகரையா, தென்கரையா: ஐரோப்பாவில் சைக்கிள் கையேடுகள் எப்படி உருவாகின்றன

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி பாஸாவ் என்று ஒரு ஊர் இருக்கிறது. டான்யூப், இன், இல்ஸ் மூன்று ஆறுகளும் அங்கே கூடுகின்றன. சைக்கிளில் ஏறி டான்யூப் கரையோடு கிழக்கே போனால் சுமார் 320 கிலோமீட்டரில் வியன்னா. ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, ஆறு இறங்குகிற திசையிலேயே போகிறோம், காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து முதுகைத் தள்ளும், வழி நெடுக ஊர்களும் தங்குமிடங்களும் உண்டு. அதனால்தான் இதற்கு முன் 20 கிலோமீட்டர்கூட சேர்ந்தாற்போல் ஓட்டாதவர்கள், பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள், ஓய்வுபெற்ற தம்பதிகள் என்று எல்லோரும் நீண்ட தூரப் பயணத்தை இங்கேயே ஆரம்பிக்கிறார்கள்.

சரி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகிற வழிக்கு எதற்குப் புத்தகம்? ஆறு போகிற பக்கம் போனால் வியன்னா வந்துவிடப் போகிறது.

ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறது, அதுதான் பிரச்சினை. பெரும்பாலான இடங்களில் இரண்டு பக்கமும் பாதை உண்டு, இரண்டிலும் பலகை உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாஸாவிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் ஷ்லேகன் என்ற இடத்தில் டான்யூப் கருங்கல் மலையில் முட்டி, வந்த திசையைப் பார்த்தே திரும்புகிறது. தென்கரையில் வந்தால் அந்த வளைவை ஒட்டியே பாதை தடையில்லாமல் போகும். வடகரையில் வந்தால் ஆவ் என்ற சிற்றூரோடு பாதை முடிந்துவிடும், அதற்கப்புறம் காட்டு மலை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. அங்கே ஒரு சின்னப் படகு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, அக்கரைக்குப் போகாமல், அதே கரையோடு நீளவாக்கில் கொண்டுபோய் கிராஃபெனாவ் பக்கம் இறக்கிவிடும். அழகான சவாரிதான். ஆனால் படகு சீசனில் மட்டும் ஓடும், மாலையில் நின்றுவிடும். நேரம் தப்பிப் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எந்தக் கரையில் எப்போது இருக்க வேண்டும், எந்தப் பாலத்தில் மாற வேண்டும் என்பதை முன்னாலேயே ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இது ஒரு இடத்தின் கதை மட்டும் இல்லை. கிரைனுக்கும் இப்ஸுக்கும் நடுவே வடகரையில் வண்டிகள் போகிற நெடுஞ்சாலை, தென்கரை அமைதி. வாஹாவ் பள்ளத்தாக்கில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை பெயர்பெற்ற ஊர்கள் எல்லாம் வடகரையில்: ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஷன், இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்த டியூர்ன்ஸ்டைன். கூட்டமும் அங்கேதான். எதிர்க்கரையில் அதே ஊர்களைத் தூரத்திலிருந்து முழுசாகப் பார்த்துக்கொண்டு ஆப்ரிகாட் தோப்புகள் வழியாக நிம்மதியாகப் போகலாம், வேண்டும் என்கிறபோது ஸ்பிட்ஸில் இஞ்சினே இல்லாத, கம்பியில் கோத்து ஆற்றின் வேகத்திலேயே நகர்கிற படகில் அக்கரை போய்வரலாம். என்னைக் கேட்டால் தென்கரைதான். ஆனால் கையேடு எழுதுகிறவர் இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தடித்த கோடாக ஒரு கரையைத்தான் போட முடியும், மற்றது மெல்லிய கோடாகிவிடும். மெல்லிய கோட்டில் விழுந்த ஊர்க்காரர்களுக்கு அதனால் வருகிற நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மாவுட்ஹவுசன் விஷயத்தில் இந்தத் தேர்வு இன்னும் கனமானது. லின்ஸைத் தாண்டி வடகரையில் இருக்கிற சிற்றூர், பாதை அதன் வழியாகவே போகிறது. மேலே குன்றில் நாஜிகளின் வதைமுகாம். அதிலும் அதன் கிளை முகாம்களிலுமாகக் குறைந்தது 90,000 பேர் செத்துப்போனார்கள். கீழே சமதரையில் உல்லாசமாக வருகிறவரை, மூச்சு வாங்க ஏறிப்போய் அதைப் பார்க்கச் சொல்வதா, ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்வதா? நல்ல கையேடு ஏறுகிற வழியை வரைந்து, எவ்வளவு ஏற்றம், எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லும். அதற்குமேல் போகிறவர் பாடு.

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போட்டதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி மேலாற்றுக்கு இழுத்துப்போன தடம் அது. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியா டான்யூபில் வரிசையாக நீர்மின் நிலையங்கள் கட்டியபோது கரைமேல் சமதளமாகப் பராமரிப்புச் சாலைகள் வந்தன, பல அணைகளின் மேலேயே அக்கரைக்குக் கடக்கவும் வழி கிடைத்தது. குதிரைத் தடம், அணைச் சாலை, ஊர்ச்சாலை, வயல் வரப்பை ஒட்டிய டிராக்டர் வழி என்று துண்டுதுண்டாகக் கிடந்தவை 1980களில்தான் ஒரே வழியாகக் கோக்கப்பட்டன. அந்தக் கோர்ப்பில் அச்சுக்கும் பெரிய பங்கு உண்டு. எஸ்டர்பவர் என்ற ஆஸ்திரியப் பதிப்பகத்தின் பைக்லைன் வரிசை 80களின் பிற்பகுதியில் தொடங்கியது டான்யூப் வழியோடுதான். இன்று ஐரோப்பாவின் முக்கியமான ஆற்றுவழிகள் பெரும்பாலானவற்றுக்கு அவர்களிடம் புத்தகம் இருக்கிறது. அகலவாட்டில், சுருள்கம்பி போட்டு, ஹேண்டில்பார் பையின் மேல் இருக்கிற கண்ணாடி உறைக்குள் அடங்குகிற அளவில் வரும். ஜெர்மன் பேசுகிற ஊர்களில் சைக்கிள் கையேடு என்றாலே மனதில் வருவது அந்த வடிவம்தான்.

அந்த அளவு தற்செயல் இல்லை. 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். 20 சென்டிமீட்டர் அகலப் பக்கத்தில் 10 கிலோமீட்டர் அடங்கும். மூட்டையோடு நிதானமாக ஓட்டுகிறவர் ஒரு நாளில் 50, 60 கிலோமீட்டர் போவார், ஆக நாளுக்கு ஐந்தாறு பக்கம், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் நின்று பக்கம் புரட்டினால் போதும். கார்க்காரர்களுக்கான வரைபடத்தில் நமக்கு வேண்டிய சந்து இருக்காது. நடப்பவர்களின் 1:25,000 வரைபடத்தில் எல்லாம் இருக்கும், ஆனால் டான்யூப் முழுவதற்கும் ஒரு கட்டு தூக்க வேண்டும். ஜெர்மனியின் சைக்கிள் சங்கமான ஏடிஎஃப்சி வெளியிடுகிற 1:150,000 வரைபடங்கள் வீட்டு மேசையில் விரித்துத் திட்டம் போட அருமையானவை, ஆனால் ஒரு ஊருக்குள் நுழைந்து வெளியேற அவை உதவாது. தடுமாறுவது எப்போதும் ஊருக்குள்தான், வெட்டவெளியில் யாரும் வழி தவறுவதில்லை. நல்ல கையேடுகளில் ஊர்களுக்குத் தனிப் பெரிய வரைபடம் இருப்பது அதனால்.

பிரிட்டிஷ் கையேடுகளின் குணம் வேறு. சிசரோன் மாதிரியான பதிப்பகங்களின் புத்தகத்தில் வரைபடம் சின்னது, எழுத்து நிறைய: தேவாலயம் தாண்டி இரண்டாவது இடது, ரயில்பாதைக்கு அடியில் போய் உடனே வலது என்று வாக்கியம் வாக்கியமாக அழைத்துப்போவார்கள். ராத்திரி அறையில் உட்கார்ந்து படிக்க அது சுகம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வியர்த்த கையோடு, எந்த வாக்கியத்தில் இருக்கிறோம் என்று தேடுவது கஷ்டம். அதோடு பாஸாவிலிருந்து வியன்னா என்று எழுதின வாக்கியத்தை வியன்னாவிலிருந்து பாஸாவ் போகிறவர் தலைகீழாக வாசிக்க வேண்டும், வரைபடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவற்றைத் தயாரிக்கிறவர் செய்கிற வேலை என்ன? முதலில், ஓட்ட வேண்டும். எழுதுகிறவர் மூட்டையில்லாத லேசான பந்தய சைக்கிளில் போய்வந்து எழுதினால் அந்தப் புத்தகம் ஏமாற்றும். 20 கிலோ சாமானோடு போகிறவருக்கு 10 சதவீத ஏற்றம் என்றால் இறங்கித் தள்ளுவது என்று அர்த்தம். தரையைக் கவனிக்க வேண்டும்: தார், கெட்டித்த சரளை, சக்கரம் புதைகிற சரளை, பழைய கிழக்கு ஜெர்மனி கிராமங்களில் இன்னும் கிடக்கிற உருண்டைக் கல் பாவிய தெரு. பல கையேடுகளில் தார் போட்டதை முழுக் கோடாகவும் போடாததை விட்டுவிட்டு வரும் கோடாகவும் காட்டுவார்கள், ஏற்றத்துக்கு அம்புக்குறி, அம்பு எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்கும். பாதையை மறித்து நிற்கும் கம்பத் தடுப்பில் பிள்ளையை உட்காரவைத்து இழுக்கிற இணைப்பு வண்டி நுழையுமா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும் என்பதை நினைவில் வைத்து, அன்றைக்கு எங்கே சாப்பாடு என்று யோசிக்க வேண்டும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான் சைக்கிள்காரர்களின் பழைய ரகசியம், செடிகளுக்கு ஊற்ற எல்லா ஊரிலும் ஒன்று வைத்திருப்பார்கள். குடிக்க ஆகாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் செய்து அச்சுக்குப் போன மறுநாளிலிருந்து புத்தகம் பழசாக ஆரம்பித்துவிடும். விடுதி மூடும், பாலத்தில் வேலை நடக்கும், நகராட்சி பாதையை வேறு தெருவுக்கு மாற்றும். வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2013 ஜூனில் பாஸாவில் டான்யூப் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது, 1501க்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை. 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மூழ்கியது. கரையோரப் பாதை என்றால் இதற்கும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசகர்கள் எழுதியனுப்புகிற திருத்தங்களை வைத்துத்தான் பதிப்பகங்கள் சமாளிக்கின்றன. ஒரு வழியை நிறையப் பேர் ஓட்டினால் திருத்தம் நிறைய வரும், புத்தகம் விற்கும், புதுப் பதிப்பு சீக்கிரம் வரும், அதனால் இன்னும் பேர் வருவார்கள். ஆள் வராத வழிக்கு இது எல்லாம் தலைகீழ். டான்யூபில் இவ்வளவு கூட்டமும், அதைவிட அழகான சில ஆறுகளில் ஆளே இல்லாததும் இந்தச் சுழற்சியால்தான் என்பது என் கணிப்பு.

சைக்கிள்காரர்கள் புத்தகம் போடுவது ஒன்றும் புதிதில்லை. இன்னும் சொன்னால், ஐரோப்பாவில் சாலைப் பயணத்துக்கான தகவலைத் திரட்டியதில் அவர்களும் முன்னோடிகள். பிரிட்டனின் சைக்கிள் பயணிகள் சங்கம் 1878இல் தொடங்கியது, ஆபத்தான இறக்கங்களில் சைக்கிள்காரர்களை எச்சரிக்கும் பலகைகளைச் சங்கங்களே சொந்தச் செலவில் நட்டன. நெதர்லாந்தில் கார் நின்றுபோனால் உதவிக்குக் கூப்பிடுகிற ஏஎன்டபிள்யூபி 1883இல் சைக்கிள்காரர்களின் சங்கமாகப் பிறந்தது, சாலைக்கு வழிகாட்டிப் பலகை வைக்கிற வேலையை 1894இலேயே எடுத்துக்கொண்டது, காளான் வடிவத்தில் தரையோடு இருக்கிற அதன் வழிக்கற்களை 1919இலிருந்து இன்றுவரை பார்க்கலாம். மிலானில் 1894இல் 57 சைக்கிள்காரர்கள் கூடி ஆரம்பித்த சங்கம்தான் பிற்பாடு டூரிங் கிளப் இத்தாலியானோ ஆகி, இத்தாலி முழுவதற்கும் 1:250,000 அளவில் வரைபடமும் ஊர் ஊராகக் கையேடும் போட்டது. கார் வந்ததும் இவர்களில் பலர் கார்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சைக்கிளுக்கென்று தனிக் கையேடு மறுபடி செழித்தது 1980களுக்கு அப்புறம்தான்.

புத்தகமும் பேச்சும் முன்னே, பாதை பின்னே வந்த கதையும் உண்டு. மிகாயேல் கிராமர் பெர்லினில் பசுமைக் கட்சி அரசியல்வாதி. பெர்லின் சுவர் நின்ற தடத்தை ஒட்டி சைக்கிளில் சுற்றிவந்தவர், 2001இலிருந்து பொதுமக்களை அந்த வழியே சைக்கிளில் கூட்டிப்போகத் தொடங்கினார், கையேடும் எழுதினார். சுவரை இடித்துத் தள்ளியது போதும், தடயமே இல்லாமல் செய்துவிடாதீர்கள் என்பதுதான் வாதம். சுமார் 160 கிலோமீட்டர் சுற்றுப்பாதையைப் பெர்லின் நகரம் அதற்குப் பிறகுதான் பலகை நட்டு ஒழுங்கு செய்தது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானதும் அவர் இதையே கண்டம் அளவுக்கு விரித்தார், பாரென்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல்வரை கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத்திரை ஓடிய எல்லை நெடுக ஒரு வழி. 2005இல் நாடாளுமன்றம் ஆதரித்தது, இன்று அது யூரோவேலோ என்ற வழித்தொகுப்பில் 13ஆம் எண். இதற்குக் கையேடு எழுதுவது டான்யூப் மாதிரி இல்லை. பழைய ஜெர்மன் எல்லையில் காவல் வண்டிகள் போகப் போட்ட ஓட்டை ஓட்டையான கான்கிரீட் பலகைகள் இன்னும் இரண்டு வரிசையாகக் கிடக்கின்றன, ஓட்டைகளில் புல் முளைத்திருக்கும், அதன்மேல் ஓட்டினால் கை மரத்துப்போகும். வரலாற்றுக்காக அதில் போகச் சொல்வதா, உடம்புக்காகப் பக்கத்துச் சாலையில் போகச் சொல்வதா என்று எழுதுகிறவர் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் முடிவெடுக்க வேண்டும்.

யூரோவேலோ என்பது ஐரோப்பிய சைக்கிள் கூட்டமைப்பு 1990களில் முன்வைத்த கண்டம் தழுவிய வழித்தொகுப்பு, இப்போது 17 வழிகள். வடக்கு தெற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண், கிழக்கு மேற்காகப் போவதற்கு இரட்டைப்படை. டான்யூப் வழி, அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல்வரை 10 நாடுகளைக் கடக்கும் 6ஆம் எண்ணின் ஒரு துண்டு. வரைபடத்தில் எல்லாம் ஒரே மாதிரிக் கோடாகத் தெரியும், தரையில் அப்படி இல்லை. அதே 6ஆம் எண் ஆஸ்திரியாவில் பிள்ளைகளை விட்டு ஓட்டச் சொல்லலாம் என்கிற அளவுக்குப் பத்திரம். செர்பியாவில் இரும்பு வாயில் மலையிடுக்கில் வண்டிகளோடு சேர்ந்து, விளக்கில்லாத சுரங்கங்களுக்குள் போக வேண்டும், முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் அங்கே நுழையக் கூடாது. இந்த வித்தியாசத்தை எண் சொல்லாது.

புத்தகமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனவர்கள் பெல்ஜியக்காரர்கள். லிம்பர்க் மாகாணத்தில் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழி தெரிய சந்திப்புகளுக்கு எண் போடும் முறையைத் தரைமேல் கொண்டுவந்தார். சைக்கிள் பாதைகள் கூடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், அங்கிருந்து அடுத்த எண்களுக்கு அம்பு. காலையில் ஒரு துண்டுத் தாளில் எண்களை வரிசையாக எழுதிக் கண்ணுக்கு எதிரே ஒட்டிக்கொண்டால் அன்றைய பயணம் தயார். 1995இல் தொடங்கிய இது நெதர்லாந்து முழுவதும் பரவி, ஜெர்மனியின் சில பகுதிகளுக்கும் போயிருக்கிறது. ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று சொல்ல அங்கேயும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

போன் வந்தபின் நிலைமை மாறியதை மறுக்க முடியாது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் தெருவுக்குத் தெரு தரையின் தன்மையைப் பதிந்துவைத்திருக்கிறார்கள், மண்பாதைக்கே கெட்டியிலிருந்து சேறு வரை ஐந்து தரம் உண்டு. அதன்மேல் இயங்குகிற கொமூட் மாதிரியான செயலிகள் நொடியில் வழி போட்டுத் தரும். பதிப்பகங்களும் புத்தகத்தோடு ஜிபிஎஸ் தடத்தைத் தருகின்றன. வழி தவறுவது என்பது கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது, அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு தெருவுக்கு யாரோ ஒருவர் தரம் பதிய மறந்திருந்தால் செயலி அதை நல்ல சாலை என்று நம்பிக்கொண்டு உழுத வயலுக்குள் இறக்கிவிடும். அதைவிட, செயலி எல்லாக் கரையையும் காட்டும், இந்தக் கரையை விட்டுவிடு என்று சொல்லாது. விட்டுவிடச் சொல்கிற வேலைக்குத்தான் இன்னும் ஆட்கள் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறார்கள். மழையில் தொடுதிரை கேட்காமல் போகும்போதும் வெயிலில் திரை தெரியாதபோதும் காகிதம் இருப்பது கூடுதல் லாபம்.

போகிற எண்ணம் இருந்தால், வாங்குமுன் பதிப்பாண்டைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் தங்குமிடப் பட்டியலை நம்ப வேண்டாம், அதற்குப் பதில் ஏடிஎஃப்சியின் பெட் அண்ட் பைக் முத்திரை வாங்கிய விடுதிகளைத் தேடலாம்: ஒரே ஒரு இரவுக்கும் அறை தருவார்கள், சைக்கிளுக்குப் பூட்டு போட்ட இடம், நனைந்த துணி காய வசதி, ரிப்பேருக்குச் சாமான் எல்லாம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரயிலையும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். ஜெர்மனியின் ஐசிஇ ரயில்கள் 1991இல் ஓடத் தொடங்கியும் கால் நூற்றாண்டு சைக்கிளை ஏற்றவில்லை, ஐசிஇ 4 வந்தபின் ஒரு ரயிலுக்கு எட்டு இடம் கிடைத்தது. கோடையில் அந்த எட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும், உள்ளூர் ரயில்களில் மாறிமாறி வர நேரிடலாம், அதற்கு ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.